அப்துல்லா கழுவிய பானைகள்: அகதா கிறிஸ்டி மீதான ஒரு மீள்வாசிப்பு

அகதா கிறிஸ்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர்கள் இருவர் இருவேறு காரணங்களுக்காக முகஞ் சுளித்தார்கள். ஒருவர் கவிஞர். "மாஸ்டர், துப்பறியும் கதையெல்லாம் பஸ்ஸில் நேரம் போக்க வாசிப்பது. அதற்கெதற்கு விமர்சனம்?" என்பது அவருடைய கேள்வி. மற்றவர் என்னோடு ஆசிரியர் கலாசாலையில் படித்தவர். என்னைவிட அதிகம் வாசிப்பவர். "எட்வர்ட் சைத்தை வாசித்த பிறகும் அந்த மனுசியைத் தூக்கிப் பிடிக்கிறீரா? அவ எழுதிய அறபிகளை ஒருக்கால் எண்ணிப் பாரும்" என்றார் அவர்.

கவிஞருக்கான பதில் சுருக்கமானது. அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதலாவது தமிழ் நாவல் என்று நாம் பெருமையோடு பேசி வருகிறோம். குழந்தைப் பருவத்திற் கடத்தப்பட்ட ஒருவன் பல தேசங்கள் அலைந்து தன் பிறப்பின் மர்மம் துலங்கப் பெற்றோரைச் சென்றடைவதே அந்நாவலின் கதை. மர்மக் கதை நமக்கு ஆரம்பத்தில் இழிந்த பொருளாக இருக்கவில்லை. பிற்காலத்தில் நாமாகவே அதை வாசற்படிக்கு வெளியே வைத்தோம்.

கலாசாலை நண்பருக்கான பதில் அத்தனை இலகுவானதன்று. அவர் சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். அப்படி எண்ணியபோது அகப்பட்டவன்தான் இக்கட்டுரையின் தலைப்பிலுள்ள அப்துல்லா. அவனிடம் போய்ச் சேருமுன் அகதா கிறிஸ்டியின் கைவினை பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியுள்ளது.

'கோஸி' என்ற வகை

அகதா எழுதிய பாணியிலான கதைகளை ஆங்கிலத்தில் இன்று 'கோஸி' என்கிறார்கள். குளிர் நாளில் அடுப்படியில் போர்த்துக் கொண்டிருக்கும் கதகதப்பைக் குறிக்கும் சொல் அது. கொலை நடக்கும், இரத்தம் அதிகம் காட்டப்படமாட்டாது. ஒரு சிற்றூர், ஒருவரையொருவர் அறிந்த பத்துப் பன்னிரண்டு பேர், பொலிஸ்காரரல்லாத ஒரு துப்பறிவாளர், இறுதியில் மீளவும் நிலைநாட்டப்படும் ஒழுங்கு. இதுவே அதன் கட்டமைப்பு. இவ்வகை எழுத்தைக் கௌரவிக்க 1989 முதல் அமெரிக்காவில் ஆண்டுதோறும் கூடும் 'மெலிஸ் டொமெஸ்டிக்' மாநாட்டில் வழங்கப்படும் விருதின் பெயரே 'அகதா'. விருதாகக் கொடுப்பது ஒரு தேநீர்க் கேத்தல்.

கடந்த கால் நூற்றாண்டாக இந்த வகைக்குள் கைவினைக் கிளையொன்று செழித்திருக்கிறது. தையற்கடை வைத்திருப்பவள் கொலையைத் துலக்குவாள். பழைய கடதாசி, படத்துண்டுகள் ஒட்டி அல்பம் செய்பவள் கொலையைத் துலக்குவாள். எறிந்த தளபாடங்களைப் புதுக்கி விற்பவள் கொலையைத் துலக்குவாள். ஆங்கிலத்தில் 'அப்சைக்ளிங்' என்கிறார்களே, குப்பைக்குப் போகவிருந்த பொருளை முன்னிலும் பெறுமதியான வேறொன்றாக ஆக்குவது, அதில் இந்த எழுத்தாளர்களுக்குத் தீராத மோகம். சில நூல்களின் பின்னிணைப்பில் பின்னல் மாதிரியும் சமையற்குறிப்பும் கூட உண்டு.

மேலோட்டமாக நோக்குமிடத்து இது வியாபார உத்தியாகவே தோன்றும். ஓரளவுக்கு அப்படித்தான். ஆயினும் கைவினைக்கும் மர்மக் கதைக்குமிடையே வேரில் ஒரு உறவு இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழிவுப் பொருட்களில் ஆக்கங்கள் செய்யக் கற்பிக்கும் எவரும் இதை அறிவர். யோகட் கோப்பையைக் கையில் எடுத்த பிள்ளை முதலில் அதை உற்றுப் பார்க்க வேண்டும். இது இன்னும் எதுவாக இருக்கலாம் என்று கேட்க வேண்டும். மற்றவர்கள் எறிந்துவிட்ட ஒன்றைத் தான் எறியாமல் வைத்திருக்க வேண்டும். துப்பறிவாளரும் இதையே செய்கிறார். அகதா கிறிஸ்டியிடம் இந்த உறவு வெறும் உவமையன்று. அவர் எழுதிய முறையே அது.

அப்பியாசக் கொப்பிகள்

அகதா 1890இல் இங்கிலாந்தின் டோர்க்கீ நகரில் பிறந்து 1976 ஜனவரியில் மறைந்தவர். அவருடைய மறைவுக்குப் பின் எஞ்சியவற்றுள் 73 குறிப்புப் புத்தகங்கள் இருந்தன. ஜோன் கரன் என்ற ஆய்வாளர் இவற்றைப் படித்து 2009இல் நூலாக வெளியிட்டார். உலகில் அதிகமாக விற்பனையான நாவலாசிரியரின் குறிப்புகள் தோற்கட்டுப் போட்ட ஏடுகளில் இருக்குமென்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் சாதாரண அப்பியாசக் கொப்பிகள். ஒரு பக்கத்தில் நஞ்சூட்டும் திட்டம் இருக்கும். அடுத்த பக்கத்தில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் இருக்கும். ஒரு கதைக்கான குறிப்பு ஒரு கொப்பியின் நடுவில் தொடங்கி வேறொரு கொப்பியில் தொடரும். எங்கு வெற்றுப் பக்கம் அகப்பட்டதோ அங்கு எழுதியிருக்கிறார்.

கடதாசி மட்டுமன்றிக் கதையும் அவரிடம் வீண்போகவில்லை. 1932இல் எழுதிய 'பக்தாத் பெட்டியின் மர்மம்' என்ற சிறுகதையை 1960இல் விரித்து 'ஸ்பானியப் பெட்டியின் மர்மம்' ஆக்கினார். 1937இல் வந்த 'யெல்லோ ஐரிஸ்' என்ற சிறுகதையின் விருந்து மேசையை 1945இல் 'ஸ்பார்க்லிங் சயனைட்' என்ற முழு நாவலாக நீட்டினார். மேசை அதே மேசை. துப்பறிபவரும் கொலையாளியும் மாறிவிட்டனர்.

நம் எழுத்தாளர் ஒருவர் இப்படிச் செய்தால் 'சரக்குத் தீர்ந்துவிட்டது' என்போம். ஆனால் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து வாசித்தால் வேறொன்று புலப்படும். சிறுகதையில் ஒரு புதிரின் விடையாக மட்டும் இருந்த பெண், நாவலில் அவளை நேசித்தவர்களும் வெறுத்தவர்களும் ஆறு பேர் தனித்தனியே நினைவுகூரும் ஒரு மனுசியாகிறாள். பழைய பொருள் புதுக்கப்படும்போது பெறுமதி கூடியிருக்கிறது. கூடியிருக்காவிட்டால் அது வெறும் மறுவிற்பனை. கதையைத் திருப்பி எழுதும் எவருக்கும் இதுவே அளவுகோலாக இருக்க முடியும்.

பின்னலூசி பிடித்த கிழவி

அகதாவின் துப்பறிவாளர்களுள் மிஸ் மார்ப்பிள் எனக்கு உவப்பானவர். 1927 டிசம்பரில் ஒரு சஞ்சிகைக் கதையில் முதன்முதலாகத் தோன்றியபோதே கையில் பின்னல் வேலையுடன் ஒரு மூலையில் அமர்ந்திருந்தார். அந்த அறையில் எழுத்தாளர், ஓவியர், சட்டத்தரணி, மதகுரு, பொலிஸ் பெரியவர் எல்லோரும் இருக்கிறார்கள். விடுவிக்கப்படாத மர்மங்களைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லலாமென்று முடிவு செய்தபோது கிழவியை எண்ணிக்கையிற் சேர்க்க மறந்தும் விடுகிறார்கள். விடை அவரிடமிருந்தே வருகிறது.

மணம் முடிக்காத, வருமானம் குறைந்த, வயது போன பெண். சமூகம் 'இனி இவரால் என்ன பயன்' என்று ஒதுக்கி வைத்த ஒருவர். ஒதுக்கப்பட்டவர் என்பதாலேயே மற்றவர்கள் ஒதுக்கியவற்றைக் காணும் கண் அவருக்கு வாய்த்திருக்கிறது. பின்னல் அவருக்கு ஒரு மறைப்பும் கூட. கையில் ஊசியும் மடியில் நூலும் உள்ள பெண்ணின் முன்னால் ஆண்கள் எதையும் பேசுவார்கள்.

இந்தக் கண்ணுக்கு ஒரு காலப் பின்புலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை பிரித்தானியாவில் உடுபுடவைக்குக் கூப்பன் இருந்தது. உள்ளதைக் கொண்டு சமாளியுங்கள், கிழிந்ததைத் தைத்து உடுங்கள் என்று 1943இல் அரசாங்கமே கைந்நூல் அச்சிட்டது. திரைச்சீலை சட்டையாயிற்று, பழைய கம்பளிச் சட்டை பிரிக்கப்பட்டுப் பிள்ளைக்குக் காலுறையாயிற்று. இன்று பொழுதுபோக்காகவும் சுற்றாடல் அக்கறையாகவும் பேசப்படும் அப்சைக்ளிங் அன்று பெண்களின் தலையில் விழுந்த கட்டாயம். கூப்பன் கடை வரிசை நம்மவர்க்கும் புதிதன்று என்பதால் இதை விளக்கத் தேவையில்லை.

1950இல் வெளிவந்த 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' இந்தக் காலத்தின் நாவல். அயலவர்கள் சட்டத்துக்குப் புறம்பாக வெண்ணெயும் முட்டையும் மாற்றிக் கொள்கிறார்கள். போருக்கு முன் ஒருவரைப் பற்றிக் கேட்டால் அவருடைய பாட்டன் யாரென்று ஊரே சொல்லும்; இப்போது ஒவ்வொருவரிடமும் ஒரு கூப்பன் புத்தகம் மட்டுமே இருக்கிறது, அதிலுள்ள பெயர் அவருடையதுதானா என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கவலையே கதையின் முதுகெலும்பு. கொலையாளி யாரென்று சொல்லி வாசகர்களின் பாவத்தைக் கட்டிக்கொள்ள மாட்டேன். ஒரு மேசை விளக்கு, அதன் நைந்த வயர், பூச்சாடித் தண்ணீர் ஆகிய வீட்டுச் சாமான்கள் விடையைத் தாங்குகின்றன என்பதை மட்டும் சொல்லலாம்.

1953இல் வந்த 'எ பொக்கட் ஃபுல் ஒஃப் ரை' இதனினும் ஒருபடி மேல். அநாதை இல்லத்திலிருந்து வந்த கிளாடிஸ் என்ற பணிப்பெண் அதிற் கொல்லப்படுகிறாள். துணி காயப்போடும் இடத்தில், அவளுடைய மூக்கில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் கொலையாளி. அவளுக்கு ஒரு காலத்தில் வீட்டு வேலை பழக்கியவர் மிஸ் மார்ப்பிள். செய்தியைப் பத்திரிகையிற் கண்டதும் கிழவி ரயிலேறி வந்துவிடுகிறார். பணக்கார முதலாளியின் மரணம் அவரை அழைத்து வரவில்லை. கொன்றது போதாதென்று ஒரு ஏழைப் பெண்ணின் முகத்தை அப்படி அவமதித்தார்களே என்ற கோபம் அழைத்து வருகிறது. வீட்டுச் சாமான்களையும் வீட்டு வேலைக்காரியையும் ஒருசேரக் கவனிக்கத் தெரிந்த எழுத்தாளராக அகதா உயர்ந்து நிற்குமிடம் இது.

இவ்வளவு கூர்மையான கண்ணுடையவர் எங்கே பார்க்கத் தவறினார் என்ற கேள்வி இதனாற்றான் வலுப்பெறுகிறது.

நிம்ரூத்தின் தந்தங்கள்

அகதா 1930இல் தொல்லியலாளர் மெக்ஸ் மலோவனை மணமுடித்தார். அதற்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், போர்க்காலம் நீங்கலாக, பல மாதங்களை ஈராக்கிலும் சிரியாவிலும் அகழ்விடங்களிற் கழித்தார். இவற்றுள் முக்கியமானது நிம்ரூத். மூஸில் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில் உள்ள இம்மேடு, இப்றாஹீம் நபி (அலை) அவர்களை நெருப்பிலிட்டதாக நாம் கேட்டு வளர்ந்த நம்ரூதின் பெயரைத் தாங்கி நிற்பது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசின் தலைநகர். யூனுஸ் நபி (அலை) அவர்களின் ஊரான நீனவா மூஸிலோடு ஒட்டியது.

மலோவன் 1949இல் நிம்ரூத்தில் அகழ்வைத் தொடங்கினார். அரண்மனைக் கிணறுகளின் சேற்றிலிருந்து யானைத் தந்தச் செதுக்கல்கள் வந்தன. ஈரத்தில் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவை சடுதியாக உலர்ந்தால் வெடித்துவிடும். ஈரத் துவாய்களால் மூடி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உலர்த்த வேண்டும். 1952இல் கிடைத்த, 'நிம்ரூத்தின் மோனலிசா' என்று பெயர்பெற்ற பெண் முகமும் இப்படிக் காப்பாற்றப்பட்டதே.

இந்த வேலையில் அகதா பங்குகொண்டார். தம் சுயசரிதையில் அதற்குப் பாவித்த கருவிகளைப் பட்டியலிடுகிறார்: நகம் துப்புரவாக்கும் குச்சி ஒன்று, மெல்லிய பின்னலூசி ஒன்று, முகத்துக்குப் பூசும் கிறீம். தந்தத்தின் இடுக்குகளிலிருந்த அழுக்கைத் தந்தத்துக்குக் கேடின்றி வெளியே எடுக்க அந்தக் கிறீமைப் போல் எதுவும் உதவவில்லையாம். சில வாரங்களில் தம் முகத்துக்குப் பூசக் கிறீம் மிஞ்சவில்லை என்று பகிடியாகவும் எழுதுகிறார். மிஸ் மார்ப்பிளின் மடியிலிருந்த ஊசி இங்கே அசீரியச் சேற்றைக் கிளறுகிறது. வீட்டுப் பொருளொன்றை அது செய்யப்படாத வேலைக்குத் திருப்பி, உடைந்ததொன்றுக்கு மறுவாழ்வு கொடுப்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. அகழ்வு வீட்டோடு சேர்த்து ஐம்பது பவுண் செலவில் மண்கல்லால் தமக்கென ஓர் அறையும் கட்டுவித்தார். 'பைத் அகதா', அதாவது அகதாவின் வீடு, என்பது அதன் பெயர். சுயசரிதையை 1950 ஏப்ரலில் எழுதத் தொடங்கியதும் நிம்ரூத்திலேதான்.

இங்கு இரண்டு விடயங்களைக் குறிப்பிட்டாக வேண்டும். முதலாவது, அந்தத் தந்தங்களை முதலிற் தொட்ட கைகள் அகதாவினுடையவை அல்ல. அகழ்வின் நுண்ணிய வேலைகளைச் செய்தவர்கள் கல்அத் ஷெர்காத் என்ற ஊரிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவ்வூரில் முதலாம் உலகப் போருக்கு முன் ஜேர்மனியர் நடத்திய அகழ்வில் தொழில் பழகி, தலைமுறையாகக் கைமாற்றி வந்தவர்கள். மண்ணுக்குள் மண்கல்லால் கட்டிய சுவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மண்ணையும் மண்ணையும் பிரித்தறியும் விரல்கள் வேண்டும். அந்த விரல்கள் அவர்களுடையவை. இரண்டாவது, கண்டெடுத்தவை பக்தாதுக்கும் இலண்டனுக்குமாகப் பங்கு பிரிக்கப்பட்டன. 2011இல் பிரித்தானிய நூதனசாலை ஏறத்தாழ 6,000 தந்தத் துண்டுகளையும் சிதறல்களையும் சுமார் 12 இலட்சம் பவுண் திரட்டி வாங்கியபோது, அகதாவின் முகக் கிறீம் பத்திரிகைச் செய்தியாயிற்று. ஷெர்காத்தின் விரல்கள் செய்தியாகவில்லை.

அப்துல்லா

இனி நாவலுக்கு வருவோம். 'மர்டர் இன் மெசப்பொட்டேமியா' 1936இல் வெளிவந்தது. ஈராக்கில் ஓர் அகழ்வு வீடு, நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், ஒரேயொரு நுழைவாயில். அகழ்வுத் தலைவரின் மனைவி பகற்பொழுதில் தன் அறையிற் கொல்லப்படுகிறார். கதையைச் சொல்பவள் ஓர் ஆங்கிலத் தாதி. துலக்குபவர் ஹெர்க்யூல் பொய்ரோ.

அந்த முற்றத்தில் ஒரு சிறுவன் குந்தியிருந்து அகழ்விற் கிடைத்த பானைகளைக் கழுவிக் கொண்டிருக்கிறான். அவன் பெயர் அப்துல்லா. அவன் பாடுவது தாதிக்கு ஏதோ மூக்கால் இழுக்கும் விநோத ஒலியாகக் கேட்கிறது. மேற்பார்வை செய்த அமெரிக்கர் மொட்டைமாடிக்குப் போன பத்து நிமிடத்தில் அவன் வேலையை விட்டு வெளிவாயிலுக்குப் போய் மற்றவர்களோடு கதையளக்கிறான். முற்றம் அந்தப் பத்து நிமிடமும் வெறுமையாக இருக்கிறது. நாவலின் புதிர் இந்த வெறுமையைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது.

அப்துல்லா இல்லாமல் இந்த நாவல் இல்லை. ஆனாலும் நாவலில் அவன் ஒரு மணிக்கூடு. அவன் இருந்தானா, எழுந்து போனானா என்பது முக்கியம். அவன் யார், எங்கிருந்து வந்தான், அந்த வீட்டாரைப் பற்றி என்ன நினைத்தான் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. வெளியார் எவரும் உள்ளே வரவில்லை என்று தீர்மானமானதும் சந்தேக வட்டம் ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் சுற்றி மூடிக் கொள்கிறது. சுதேசிகளைக் கொலையாளிகளாகக் காட்டவில்லையே, அது நல்லதுதானே என்று சிலர் சொல்லக் கூடும். சந்தேகப்படுவதற்கும் ஒரு மனிதன் முழு மனிதனாக மதிக்கப்பட வேண்டும். அப்துல்லாவுக்கு அந்த மதிப்பும் கிடைக்கவில்லை.

கிளாடிஸின் மூக்கிலிருந்த துணிக் கிளிப்புக்காக ரயிலேறிய கோபம் இங்கு எங்கே போயிற்று? ஆங்கிலேயரல்லாதவர் என்பதால் மட்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. காரணம், போர்க்காலத்தில் எழுதி 1946இல் அவர் வெளியிட்ட 'கம், டெல் மீ ஹவ் யூ லிவ்' என்ற அனுபவ நூல். சிரிய அகழ்வு நாட்களைப் பற்றியது. தலைப்பிலுள்ள 'டெல்' அறபியில் மண்மேட்டையும் குறிக்கும் சிலேடை. அந்த நூலில் கங்காணி ஹமூதி இருக்கிறார். வீட்டு வேலை செய்யும் மன்ஸூர் இருக்கிறார். அறபிகள், குர்திகள், ஆர்மீனியர் தமக்குள் போடும் சண்டை இருக்கிறது. மருந்து கேட்டு வரும் பெண்கள் இருக்கிறார்கள். எஜமானியின் சிரிப்பு அந்தப் பக்கங்களில் அடிக்கடி கேட்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்குள்ளவர்கள் மணிக்கூடுகள் அல்லர். பிடிவாதமும் தந்திரமும் மானமும் உள்ள மனிதர்கள்.

ஆகவே அகதா அவர்களைக் காணவில்லை என்பது பிழை. கண்டார். கண்டதை நாவலுக்குள் கொண்டு வரவில்லை. 'கோஸி' என்ற வடிவத்துக்கு மூடிய வட்டம் வேண்டும். வட்டம் மூடப்பட வேண்டுமானால் யாராவது வெளியே நிற்க வேண்டும். அந்தக் கதகதப்புக்கு விறகு சுமப்பவன் அடுப்படியில் அமர்வதில்லை. 1950 நாவலில் மிற்சி என்ற ஐரோப்பிய அகதிச் சமையற்காரி பொய்க்காரியாகவும் பயந்தாங்கொள்ளியாகவும் சிரிப்புக்காகவே வைக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே. எழுத்தாளர் தன் வடிவத்தை மீறத் துணிந்த இடத்தில் கிளாடிஸ் பிறந்தாள். துணியாத இடத்தில் அப்துல்லா பானை கழுவிக் கொண்டிருக்கிறான்.

அழுக்கெடுத்தலும் அறுத்தெறிதலும்

2023இல் ஹார்ப்பர் கொலின்ஸ் பதிப்பகம் அகதா நாவல்களின் புதிய பதிப்புகளில் இனம் சார்ந்த இழிவான சொற்களையும் சில பகுதிகளையும் நீக்கியிருப்பது செய்தியாக வெளிவந்தது. 'டெத் ஒன் த நைல்' நாவலில் எகிப்தியச் சிறுவர்களைப் பற்றிய ஓர் அருவருப்பான பேச்சும் நீக்கப்பட்டவற்றுள் ஒன்று. கலாசாலை நண்பர் இதை வரவேற்றார். எனக்கு முழு உடன்பாடில்லை.

அந்த வரிகள் புண்படுத்துபவை என்பதிற் சந்தேகமில்லை. ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் அந்தச் சிறுவர்களுக்கு என்ன கிடைக்கிறது? கதையிலிருந்து அவர்களும் சேர்ந்து மறைகிறார்கள். வாசகர் தம்மை அறியாமலேயே அந்தப் பார்வையோடு உடன்பட்டு வாசிக்கிறார். அகதா தந்தத்தைத் துப்புரவாக்கிய முறையை நினைத்துப் பாருங்கள். அழுக்கு வந்தது; தந்தம் சுரண்டப்படவில்லை; வெடிப்பு வெடிப்பாகவே இருந்தது. நூதனசாலையில் அந்த வெடிப்பைக் காண்பவர் அப்பொருள் கடந்து வந்த பாதையையும் அறிகிறார். விமர்சனத்தின் வேலையும் அதுவாகவே இருக்க வேண்டுமென எண்ணுகிறேன். நூலை எறிவதும் கூடாது. வெடிப்பை மெழுகிப் பூசுவதும் கூடாது.

நம்முடைய பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. நமது சிறுகதைகளில் ஹாஜியாரின் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். 'தேநீர் வந்தது' என்று எழுதுகிறோம். தேநீர் தானாக வராது. குசினியில் நிற்பவள் யார், அவள் எந்த ஊர், அவளுடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? அகதாவின் அப்துல்லாவுக்காகக் கோபப்படும் உரிமை நமக்கு உண்டு. அதே கோபம் நம் கதைகளின் குசினி வாசலிலும் எழ வேண்டும்.

இந்த நாவலின் கதையை ஒருநாள் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுருக்கிச் சொன்னேன். முற்றம், பானைகள், பத்து நிமிடம் எல்லாவற்றையும் கரும்பலகையில் கீறிக் காட்டி, அப்துல்லா ஏன் எழுந்து போனான் என்று கேட்டேன். கதையளக்கப் போனான் என்பது நூலிலுள்ள விடை. பின்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை, "சேர், அது பகல் சாப்பாட்டுக்குப் பிந்தின நேரமல்லவா? ளுஹர் தொழப் போயிருக்க மாட்டானா?" என்று கேட்டது.

அந்த நாவலை நான் மூன்று தடவை வாசித்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. தாதிக்குத் தோன்றாதது, பொய்ரோவுக்குத் தோன்றாதது, எனக்கும் தோன்றவில்லை. நானும் அந்த மூடிய வட்டத்துக்குள் இருந்துதான் வாசித்திருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது. அந்தப் பத்து நிமிடத்தைக் கதையாக எழுதி வரச் சொல்லிப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தேன். சிலர் பழைய கொப்பிகளின் வெற்றுப் பக்கங்களில் எழுதி வந்தார்கள். சம்பள நாள் எப்போதென்று கேட்கப் போனதாக ஒன்று. வீட்டில் உம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்ததாக ஒன்று. கொலையாளியை அவன் கண்டான், ஆனால் யாரும் அவனிடம் கேட்கவில்லை என்று ஒன்று.

சிரிய நாட்களைப் பற்றிய நூலை முடிக்கும்போது, தாம் நேசித்த அந்த மண்ணுக்கு மீண்டும் போவேன், அங்குள்ளவை அழிந்திருக்காது என்ற நம்பிக்கையை அகதா வெளியிடுகிறார். அதைச் சொல்ல அவர் தேர்ந்த சொல் 'இன்ஷா அல்லாஹ்'. 2003இல் பக்தாத் நூதனசாலை சூறையாடப்பட்டது. 2014இல் மூஸிலிலுள்ள யூனுஸ் நபியின் அடக்கத்தலம் தகர்க்கப்பட்டது. 2015இல் நிம்ரூத்தின் அரண்மனையை நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கொண்டே வெடிவைத்தார்கள். 2016 நவம்பரில் அவ்விடம் மீட்கப்பட்ட பின் ஈராக்கியத் தொல்லியலாளர்கள் சிதறிய கற்றுண்டுகளைப் பொறுக்கி, இலக்கமிட்டு, பொருத்தத் தொடங்கினார்கள். இம்முறை அந்த வேலையில் அப்துல்லாக்களுக்குப் பெயரும் பதவியும் இருக்கின்றன.

கலாசாலை நண்பருக்கு நான் பிள்ளைகளின் கொப்பிகளை அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.